கிழக்குக் கடற்கரைச் சாலை: இடப்பக்கம் திரும்பத் தெரிந்தவர்களுக்கு

சென்னை திருவான்மியூரில் தொடங்கி ராமேஸ்வரம் தாண்டி அரிச்சல்முனை வரை காரில் போகும் கடற்கரைப் பயணத்தின் மதிப்புரை இது. நடுவே உள்ளே நுழைந்து பார்க்கும் இடங்களையும் சேர்த்தால் போகும் வழி மட்டும் 700 கிலோமீட்டரை நெருங்கும். ஈ.சி.ஆர். என்றதும் பலருக்குப் புதுச்சேரியோடு சாலை முடிந்துவிட்டதாக நினைப்பு. புதுச்சேரிக்குத் தெற்கேதான் இந்தக் கரை தன் கோயில்களையும் கோட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறது. சென்னை–புதுச்சேரி ஓட்டத்தை மட்டும் வைத்து இதை மதிப்பிடுவது, வாசல் திண்ணையைப் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றிப் பேசுவது போல.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது கடலைப் பார்த்தபடி ஓட்டும் சாலை அல்ல. முட்டுக்காடு கழிமுகப் பாலம், மரக்காணம் உப்பளம், பாம்பன் பாலம் என விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் சாலையிலிருந்தே விரிந்த நீர்ப்பரப்பு தெரியும். மற்ற நேரமெல்லாம் சவுக்குத் தோப்பும் கருவேலமும் வயலும்தான். கடலும் கோட்டையும் சாலையிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. தெற்கு நோக்கிப் போகும்போது அவை உங்கள் இடப்பக்கம். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் வேகத்தைக் குறைத்து அப்படியே ஒதுங்கித் திரும்பிவிடலாம். வடக்கு நோக்கி வந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் எதிர்வரும் லாரிகளைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான்குவழிப் பகுதிகளில் நடுத்தடுப்பில் திறப்பு இல்லாமல் வெகுதூரம் போய்ச் சுற்றி வரவும் நேரும். ஆகவே போகும்போது கடற்கரை, திரும்பும்போது ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, திருச்சி வழி. இந்த வரிசையை மாற்றினால் பயணத்தின் சுகம் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது கிழமைக் கணக்கு. ஐந்து பகல், நான்கு இரவு என்றால் திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ புறப்படுங்கள். மூன்றாம் நாள் தரங்கம்பாடியில் இருப்பீர்கள். அங்கே கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புதன்கிழமை கிளம்பியவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். வியாழன் கிளம்பினால் மூன்றாம் நாள் சனிக்கிழமை. திருநள்ளாற்றுக் கூட்டத்தில் காரைக்கால் சாலை திணறும். வெள்ளி மாலையும் சனிக்கிழமை காலையும் சென்னையை விட்டு வெளியேறுவதே பெரும்பாடு. சனி, ஞாயிறு விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும் என்றால் மாமல்லபுரத்தை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, முதல் நாளே நேராகச் சிதம்பரம் சேர்ந்துவிடுவது நல்லது.

மூன்றாவது, நடை சாத்தும் நேரம். சிதம்பரம் நண்பகலில் சாத்தினால் மாலை 5 மணிவாக்கில்தான் திறக்கும். ராமேஸ்வரம் பகல் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கும். வழியில் உள்ள சிவன் கோயில்களும் பெரும்பாலும் 12 மணிக்கே சாத்திவிடும். இதைக் கவனிக்காமல் கிலோமீட்டரை மட்டும் வகுத்துத் திட்டம் போடுபவர்கள் சரியாக 12.15-க்குக் கோபுர வாசலில் போய் நிற்பார்கள். நடை சாத்தியிருக்கும் வேளையில் வண்டியை ஓட்டுங்கள், அல்லது சாப்பிட்டு ஓய்வெடுங்கள். கோட்டையை அந்த நேரத்துக்கு ஒதுக்கலாமே என்று தோன்றும். இந்தக் கரையின் கோட்டைகளில் நிழல் கிடையாது. காலை 10 மணிக்கு முன், அல்லது மாலை 4 மணிக்குப் பின் மட்டுமே அவை பார்க்கத் தக்கவை.

இனி பகுதி பகுதியாக. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை சாலை அகலம், விளக்கு உண்டு, சுங்கம் உண்டு. பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். நினைவுச் சின்னங்கள் காலை 6 மணிக்குத் திறக்கின்றன. விடியுமுன் 4.30-க்குக் கிளம்பினால் சூரியன் கடலிலிருந்து எழும் நேரத்தில் கடற்கரைக் கோயிலில் நிற்கலாம். கிழக்கு பார்த்த சன்னதி. காலை வெளிச்சத்தில் அந்தக் கல்லின் நிறமே வேறு. இந்தியத் தொல்லியல் துறையின் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 35. கடற்கரைக் கோயிலுக்கு வாங்கிய சீட்டே ஐந்து ரதங்களுக்கும் செல்லும். கசக்கி எறியாமல் வைத்திருங்கள். கோயில், ரதம், அதன்பின் அர்ச்சுனன் தபசும் குகைகளும் என்ற வரிசையில் போனால் 9.30-க்குள் முடித்துவிடலாம். அதற்குமேல் பாறை சுடத் தொடங்கும், சுற்றுலாப் பேருந்துகளும் வந்து இறங்கும். கோயிலை ஒட்டிய கடலில் குளிக்க இறங்க வேண்டாம். அடியில் பாறையும் இழுவையும் சேர்ந்த இடம் அது.

அங்கிருந்து தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. சென்னைக்காரர்களில் பலர் இந்த வழியாக நூறு முறை போயிருந்தும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே தானியக் கிடங்குகளும், கப்பல் முதலான உருவங்களை நுணுக்கமாகச் செதுக்கிய டச்சுக் கல்லறைப் பலகைகளும் இருக்கின்றன. கல்லறைப் பகுதி பூட்டியிருந்தால் காவலரிடம் மரியாதையாகக் கேட்டால் திறந்து காட்டுவார். அரை மணி நேரம் போதும். 1782-இல் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் மோதிக்கொண்டது இந்தக் கரைக்கு எதிரேதான். பக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதால் அந்தத் திசையில் கேமராவைத் திருப்ப வேண்டாம். டிரோன் எண்ணமே கூடாது.

அடுத்த இடப்பக்கத் திருப்பம் கடப்பாக்கத்தில், ஆலம்பரைக் கோட்டைக்கு. வடபாதியில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் என்றால் இதையே தேர்ந்தெடுக்கலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மதில் கழிமுகத்தை ஒட்டி உடைந்து நிற்கிறது. 1750-இல் இது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு வழங்கப்பட்டது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்துத் தகர்த்தார்கள். இங்கே நாணயச் சாலை இருந்தது. ஆலம்பரை வராகன் என்ற பெயர் அப்படி வந்தது. 2004 சுனாமியும் தன் பங்குக்கு இடித்திருக்கிறது. உச்சி மதிலில் ஏறிப் படமெடுக்கும் பழக்கம் ஆபத்தானது. சாந்து உதிர்ந்து செங்கற்கள் வெறுமனே அடுக்கி வைத்தது போல இருக்கின்றன. ஏறுகிறவர் விழலாம், எஞ்சிய சுவரும் போகலாம். மீனவர்கள் படகில் கழிமுகத்தைத் தாண்டி மணல்திட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஏறும் முன்பே போகவர எவ்வளவு, அங்கே எவ்வளவு நேரம் என்று பேசிவிடுங்கள். உயிர்காப்பு மேலங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். தண்ணீர், தொப்பி இரண்டையும் கையில் கொண்டுபோக வேண்டும்.

இங்கே கார்கள் சிக்குவது மணலில். தார் முடிந்ததும் நிறுத்திவிட்டு நடப்பதே சரி. சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டும். நான்கு சக்கரங்களிலும் காற்றை 18–20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, முன்சக்கர இயக்கம் கொண்ட வண்டி என்றால் முன்சக்கரத்தின் அடியில் தென்னை மட்டையோ சாக்கோ கால்மிதியோ கொடுத்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெதுவாக எடுத்தால் வந்துவிடும். மீண்டும் தார்ச்சாலை ஏறியதும் அதே காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய காற்றுப் பம்பு ஒன்று டிக்கியில் இருப்பது அதனால்தான் அவசியம்.

மாமல்லபுரம் முதல் புதுச்சேரி வரை நான்குவழியாக்கும் பணியால் ஊர்ப்பகுதிகளில் திடீர் மாற்றுப்பாதைகள் வரும். இரவில் மண்மேடும் தடுப்பும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டுவதற்குள் புதுச்சேரி சேர்ந்துவிடுங்கள். அங்கே கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அந்தச் சாலையில் தங்குமிடம் எடுத்திருந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் புறப்படும்போது நிரப்பிக்கொள்ளலாம். காரைக்காலும் புதுச்சேரி ஆட்சிப்பகுதிதான், அங்கே இன்னொரு முறை. மது பாட்டில்களை மட்டும் வண்டியில் வைக்காதீர்கள். எல்லைச் சோதனைச்சாவடியில் பிடிபட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும். மஞ்சள் பலகை வாடகை வண்டி என்றால் புதுச்சேரி பர்மிட் யார் பொறுப்பு என்பதையும் கிளம்புமுன் பேசிவிட வேண்டும்.

கடலூரில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை அது. பதிலாகத் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், 'சொற்றுணை வேதியன்' பாடி அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறினார் என்பது இவ்வூர்க் கதை. கடற்கரைப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கோயில் ஏது?

பூண்டியாங்குப்பம் முதல் சட்டநாதபுரம் வரையிலான 57 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஓட்டுவதற்கு அருமை. ஆனால் அது சிதம்பரத்தைத் தொடாமலே உங்களைச் சீர்காழிப் பக்கம் கொண்டுபோய்விடும். பிரிவுப் பலகையைக் கவனியுங்கள். இரண்டாம் நாள் காலை பிச்சாவரம், மாலை சிதம்பரம் என்பதே நல்ல வரிசை. பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். சுரபுன்னை வேர்கள் தலைக்குமேல் கவியும் குறுகிய கால்வாய்க்குள் துடுப்புப் படகுதான் போகும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போவது.

சிதம்பரத்தில் இரவு தங்குவது வீண்செலவு அல்ல. மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை என இரண்டு வெளிச்சத்திலும் அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டும். கனகசபையில் ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கோபுர வாயில்களின் உட்சுவரில் உள்ள நாட்டியக் கரணச் சிற்பங்களுக்குத் தனியாக அரை மணி ஒதுக்குங்கள். கூட்டத்தோடு நடந்தால் கண்ணில் படாது. காலைச் சிற்றுண்டிக்குக் கத்திரிக்காய்க் கொத்சு கிடைக்கும் கடையாக விசாரித்துப் போங்கள்.

தரங்கம்பாடிதான் இந்தப் பயணத்தின் நடுநாயகம். கடல், கோயில், கோட்டை மூன்றும் நடந்தே போகும் தூரத்தில் ஒன்றாகக் கிடைப்பது இங்கே மட்டும். தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின்படி டென்மார்க் நாட்டு டேனியர்கள் 1620-இல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை. பக்கத்திலேயே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில், முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. சற்றுத் தள்ளி 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், உள்ளே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கின் கல்லறை. 1706-இல் வந்திறங்கிய அவர் தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இந்தச் சின்னத் தெருக்களில்தான். 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர்கள் கிளம்பினார்கள். நகர வாயிலுக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு ராஜ வீதி வழியாக நடங்கள். காரில் கோட்டை வாசல் வரை போய் இறங்கிப் படமெடுத்துத் திரும்புகிறவர்களுக்கு ஊர் கிடைப்பதில்லை. குறைந்தது மூன்று மணி நேரம். குடிநீரும் சாப்பாடும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், காரைக்காலில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே எதிர்பாராமல் நேரம் பறிபோவது திருக்கடையூரில். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணத்துக்கு நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் வரும் ஊர் அது. நல்ல முகூர்த்த நாளாக இருந்தால் காலை முழுக்கச் சாலையும் கோயிலும் நிரம்பி வழியும். கிளம்புமுன் நாள்காட்டியைப் பாருங்கள். அதேபோல் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடுத்திய பக்தர்கள் இரவும் பகலும் சாலையோரம் நடந்து வருவார்கள். அந்த நாட்களில் சென்னை முதல் நாகை வரை இரவில் ஓட்டுவதை அறவே தவிர்க்க வேண்டும். களைத்து நடப்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்களையும் பார்த்துவிட்டு, மாலையில் இறால் வைத்துச் சுடும் வாடா சாப்பிட்டு, வேளாங்கண்ணியில் இரவு தங்கலாம். மீன் விஷயத்தில் ஒரு குறிப்பு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். வஞ்சிரம் என்று பலகை தொங்கினாலும் அது எந்த ஊர் மீன் என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே சாலையின் குணம் மாறிவிடுகிறது. வேதாரண்யம் போய், அப்பர் பாடித் திறந்த கதவும் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் களமும் பார்த்து, கோடியக்கரைக்கு இறங்கினால் புல்வெளியில் வெளிமான்கள். பூநாரை வேண்டுமானால் நவம்பருக்குப் பிறகு. இதையும் சேர்த்தால் ராமநாதபுரம் வரை அன்றைய ஓட்டம் 300 கிலோமீட்டர் ஆகிவிடும், ஒரு பகலுக்குத் தாங்காது. ஆறாவது நாள் இருந்தால் கோடியக்கரை; இல்லையென்றால் மனமில்லாமல் விட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வழியாக நேரே போங்கள். தை, மாசியில் இந்த டெல்டாச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். விளிம்பில் காவலுக்குக் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அந்தக் கல்தான் சக்கரத்தை உடைக்கும்.

கோடியக்கரைக்குத் தெற்கே இருப்பது பாக் நீரிணை. ஆழமில்லை, அலையில்லை, கரை பெரும்பாலும் சேறும் கடற்புல்லும். மாமல்லபுரம் மாதிரிக் கடற்கரை தேடிப் போகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். கடற்பசு மேயும் கடல் இது. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 2022-இல் அதற்கென்றே காப்பகம் அறிவிக்கப்பட்டது. மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபேந்திரராசன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி 1814–15-இல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம். அகழியும் மதிலும் சுற்றி இருப்பதால் கோட்டை என்கிறார்கள். மேலடுக்குகளில் எப்போதும் ஏற விடுவதில்லை. ஏறித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். மாலைச் சாய்வெயிலில் வெளியிலிருந்து பார்ப்பதே போதுமான பரிசு.

அங்கிருந்து கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி. இந்தப் பயணம் முழுவதிலும் ஓட்டுவதற்கு மிக நிம்மதியான பகுதி இது. இருவழிதான், ஆனால் போக்குவரத்துக் குறைவு. தொல்லை ஆடுமாடும், ஊர் தொடங்கும் இடத்தில் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையும். பெட்ரோல் பங்க், ஏ.டி.எம்., பஞ்சர் கடை எல்லாம் இடைவெளி விட்டே வரும். தொட்டி பாதிக்குக் கீழே போனதும் நிரப்புங்கள். நேரமிருந்தால் மீமிசலிலிருந்து உள்ளே சுமார் 20 கிலோமீட்டரில் ஆவுடையார்கோயில். கல்லை மரச்சட்டம் போல இழைத்த அந்தக் கொடுங்கைக் கூரைக்காக மட்டுமே போகலாம்.

ராமநாதபுரத்தில் தங்கி, விடியலில் தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகங்களுக்கான ஒன்பது கற்களை, பார்த்துவிட்டு ராமேஸ்வரம் போவது ஒரு வழி. ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டுமென்றால் அது அதிகாலை 5 முதல் 6 மணி வரை மட்டும். அப்படியானால் முந்தைய இரவே தீவுக்குள் இருக்க வேண்டும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படமெடுக்காதீர்கள், பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடமில்லை. 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்கு ரயில் பாலம் ஓடும் வண்டியிலிருந்தே நன்றாகத் தெரியும். கோயிலில் வரிசை மாறக்கூடாது: முதலில் அக்னி தீர்த்தக் கடல், பிறகு 22 தீர்த்தம், உடை மாற்றம், அதன்பின் தரிசனம். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். தீர்த்தப் பாதையில் கல்தரை வழுக்கும். முதியவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை, அறையிலேயே விட்டுவிடலாம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் சுற்றுலாவாக வர வேண்டாம். அவை முன்னோர் கடன் செய்ய வருகிறவர்களின் நாட்கள்.

தனுஷ்கோடிக்கு 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. மாலை 5 மணிவாக்கில் போலீசார் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், ஆகவே 3 மணிக்காவது கிளம்புங்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள் வழியில். வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே இரையும் ஆண்கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வதை முனையில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். வடகிழக்குப் பருவக்காற்றில் இரண்டும் குணம் மாறிக்கொள்ளும். முனையில் குளிக்கக் கூடாது, காலடி மணலே நகரும் இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மணலை அள்ளிச் சாலையில் கொட்டும். மணல் நாக்கு தெரிந்தால் வேகத்தை முன்பே குறைத்து, பிரேக் மிதிக்காமல் தாண்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் மூடிவிடுவார்கள். பயணத்துக்கு ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள்; ஐந்து நாள் உப்புக்காற்று சைலென்சர் இணைப்பிலும் பிரேக் குழாயிலும் ஒட்டியிருக்கும், மேலே மட்டும் கழுவினால் போகாது.